ஹேவ்லாக்கில் தங்குமிடம்: கிழக்குக் கரையா, மேற்குக் கரையா?

அந்தமானின் ஹேவ்லாக் தீவில் அறை தேடுபவர் ஓட்டல்களைப் பார்ப்பதற்கு முன் எந்தக் கரை என்பதை முடிவு செய்துகொள்ள வேண்டும். தீவின் பரப்பு சுமார் 92 சதுர கிலோமீட்டர். அதில் பெரும்பகுதி காடு. ஆட்கள் குடியிருக்கும் இடமும் பயணிகள் தங்கும் இடமும் சில துண்டு நிலங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. கிழக்குக் கரையில் கோவிந்த நகரும் விஜய நகரும், அதற்கும் தெற்கே காலாபத்தர் கடற்கரையும் இருக்கின்றன. மேற்குக் கரையில் ராதாநகர் மட்டும் தனித்து நிற்கிறது. படகுத்துறையிலிருந்து ராதாநகருக்குச் சாலை வழியாகச் சுமார் 12 கிலோமீட்டர். சென்னையில் அந்தத் தொலைவை யாரும் பெரிதாக நினைப்பதில்லை. ஹேவ்லாக்கிலோ பயணியின் நாள் எப்படிக் கழியும் என்பதை அந்தப் 12 கிலோமீட்டர்தான் தீர்மானிக்கிறது.

தங்குமிடங்கள் இப்படி அமைந்ததற்குக் காரணம் தீவின் குடியேற்ற வரலாறு. 1857 கிளர்ச்சியை ஒடுக்கிய ஆங்கிலேயப் படைத்தளபதி ஹென்றி ஹேவ்லாக்கின் பெயர் தீவுக்கு இடப்பட்டது. ஹேவ்லாக் அடங்கிய ரிச்சி தீவுக்கூட்டத்தில் அதே காலத்து ஆங்கிலேய அதிகாரிகளின் பெயரைத் தாங்கிய தீவுகள் இன்னும் சில உண்டு. போர்ட் பிளேரில் நேதாஜி கொடியேற்றியதன் 75ஆம் ஆண்டை ஒட்டி, 2018 டிசம்பர் 30 அன்று ஹேவ்லாக் ‘ஸ்வராஜ் தீவு’ எனப் பெயர் மாற்றப்பட்டது. போர்ட் பிளேரும் 2024 முதல் ‘ஸ்ரீ விஜயபுரம்’ ஆகிவிட்டது. டிக்கெட்டிலும் அறிவிப்புப் பலகையிலும் புதிய பெயர்கள் வந்துவிட்டாலும் பேச்சில் பழைய பெயர்களே புழங்குகின்றன. முன்பதிவு செய்பவர் இரண்டையும் தெரிந்துவைத்திருப்பது நல்லது.

இங்கே ஊர்களை உண்டாக்கியவர்கள் ஆங்கிலேயர் அல்லர். பிரிவினையில் வீடிழந்து கிழக்கு வங்காளத்திலிருந்து வந்த அகதிக் குடும்பங்களை அரசு 1950களில் இத்தீவில் குடியமர்த்தியது. காடு வெட்டி நெல்லும் தென்னையும் பாக்கும் பயிரிட்ட அந்தக் குடும்பங்களின் வைணவப் பற்று ஊர்ப்பெயர்களில் இன்றும் தெரிகிறது: கோவிந்த நகர், விஜய நகர், சியாம் நகர், கிருஷ்ணா நகர், ராதாநகர். விளைநிலமாக ஒதுக்கப்பட்ட இந்த ஊர்களில் மட்டுமே பிற்காலத்தில் விடுதி கட்ட இடம் கிடைத்தது. தென்பகுதி பெரும்பாலும் காப்புக்காடாகவே நின்றுவிட்டது. அகதிகளுக்கு அளந்து கொடுத்த வயலும் தோப்பும்தான் இன்றைய ரிசார்ட்டுகளின் எல்லைக்கோடு.

கடற்கரைகளுக்கு எண்ணால் ஆன பெயர்களும் உண்டு. படகுத்துறை இருக்கும் பகுதி 1ஆம் எண். கோவிந்த நகரையொட்டி 2, 3. விஜய நகர் 5. ராதாநகர் 7. ஆட்டோ ஓட்டுநரிடம் ‘அஞ்சாம் நம்பர்’ என்றால் போதும், இடம் விளங்கிவிடும். விளம்பரத்தில் ‘பீச் நம்பர் 3’ என்று போட்டிருந்தால் கடைவீதிக்கு அருகில் இருக்கிறது என்று பொருள். ‘7’ என்றால் தீவின் மறுபக்கம். ஒரு விடுதியைப் பற்றி இந்த எண் சொல்லும் அளவுக்கு அதன் நட்சத்திரக் குறியீடு சொல்வதில்லை.

சாலைகள் முக்கியமாக இரண்டே. படகுத்துறையிலிருந்து கடைவீதிக்கு வரும் சாலை அங்கே பிரிகிறது. ஒரு கிளை கிழக்குக் கரையை ஒட்டித் தெற்கே விஜய நகர் வழியாகக் காலாபத்தர் வரை போகிறது. மற்றது தோப்புகளையும் வயல்களையும் காட்டையும் கடந்து மேற்கே ராதாநகரில் முடிகிறது. இரண்டு முனைகளையும் இணைக்கும் குறுக்குவழி கிடையாது. காலாபத்தரில் சூரியோதயம் பார்த்தவர் ராதாநகருக்குப் போக வேண்டுமானால் கடைவீதிக்குத் திரும்பி வந்துதான் போக வேண்டும். ஆகவே கடைவீதிச் சந்திப்பிலிருந்து எவ்வளவு தூரம் என்பதே எந்த விடுதிக்கும் பொருத்தமான அளவுகோல்.

தங்குமிடம் பயணத்தை எந்த அளவுக்கு வடிவமைக்கிறது என்பது நகரச் சுற்றுலா ஆய்வுகளில் அளந்து பார்க்கப்பட்ட விஷயம். ஹாங்காங்கில் வெவ்வேறு ஓட்டல்களில் தங்கியிருந்த பயணிகளிடம் ஜி.பி.எஸ். கருவிகளைக் கொடுத்து, அவர்கள் நடமாட்டத்தை நோம் ஷோவால், பாப் மெக்கெர்ச்சர் ஆகியோர் அடங்கிய குழு பதிவு செய்தது. 2011இல் வெளியான அந்த ஆய்வின் முடிவு தெளிவானது. பயணிகள் தம் நேரத்தில் பெரும்பங்கை ஓட்டலைச் சுற்றியுள்ள பகுதியிலேயே கழிக்கிறார்கள். புகழ்பெற்ற சில இடங்களுக்கு மட்டும் எங்கிருந்தாலும் போய்விடுகிறார்கள். மற்றபடி அவர்கள் பார்க்கும் நகரம் ஓட்டலின் அக்கம்பக்கம்தான். மெட்ரோவும் டாக்சியும் நிறைந்த ஹாங்காங்கிலேயே இந்த நிலை என்றால், இருட்டிய பின் ஆட்டோ கிடைப்பது அரிதாகிவிடும் ஹேவ்லாக்கில் அக்கம்பக்கத்தின் ஆட்சி இன்னும் வலுவாகத்தான் இருக்கும்.

ஆனாலும் நகரத்துக்குச் சொல்லும் அறிவுரையை இங்கே அப்படியே பயன்படுத்த முடியாது. நகரத்தில் ரயில் நிலையமோ பேருந்து நிலையமோ மையப்புள்ளி. அது இடம் மாறினால் தங்கும் கணக்கும் மாறும். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து நிலையம் திறக்கப்பட்டதும், தென்மாவட்டங்களிலிருந்து சென்னைக்கு வருபவர் கோயம்பேட்டைச் சுற்றி அறை எடுக்கும் பழக்கத்தை மறுபரிசீலனை செய்ய நேர்ந்தது. ஹேவ்லாக்கில் படகுத்துறை ஒன்றுதான், அது நகரப்போவதுமில்லை. இங்கே மாறிக்கொண்டே இருப்பவை பகல் வெளிச்சமும் கடல் மட்டமும் காற்றின் திசையும். நகரத்துப் பயணி இந்த மூன்றையும் கணக்கில் எடுத்துப் பழகாதவர். ஹேவ்லாக்கில் தவறான கரையில் தங்கிவிட்டு வருந்துபவர்களின் சிக்கல் பெரும்பாலும் இங்கேதான் தொடங்குகிறது.

முதலில் வெளிச்சம். இந்தியத் திட்ட நேரம் 82.5 பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை வைத்துக் கணக்கிடப்படுகிறது. ஹேவ்லாக் இருப்பது ஏறக்குறைய 93 பாகையில். ஒரு பாகைக்கு நான்கு நிமிடம் வீதம், இடைப்பட்ட பத்தரைப் பாகைக்கு 42 நிமிடம் ஆகிறது. அதாவது தீவின் சூரியன் கடிகாரத்தை விட அவ்வளவு நேரம் முன்னால் ஓடுகிறது. டிசம்பர் பின்பாதியில் காலை ஐந்தரை மணிக்கே சூரியன் உதித்து, மாலை ஐந்து மணிவாக்கில் மறைந்துவிடும். ஜூனில் உதயம் ஐந்து மணிக்கும் முன்னதாக. அஸ்தமனம் ஐந்தே முக்காலை ஒட்டி. அசாம் தேயிலைத் தோட்டங்கள் இதே சிக்கலைச் சமாளிக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி ‘பாகான் நேரம்’ என்ற தனிக்கணக்கை வைத்துக்கொண்டன. அந்தமானில் கப்பலும் அலுவலகமும் இந்திய நேரப்படியே இயங்குகின்றன. டிசம்பரில் பிற்பகல் இரண்டு மணிக்கு ஸ்ரீ விஜயபுரத்தில் கப்பல் ஏறுபவர் மூன்றரை மணியளவில் ஹேவ்லாக்கில் இறங்கும்போது, பகல் முடிய ஒன்றரை மணி நேரம்தான் மிச்சம் இருக்கும். பெட்டிகளை எடுத்து, வண்டி பிடித்து, விஜய நகரில் அறையைத் திறந்து, பிறகு ராதாநகரில் அஸ்தமனம் பார்க்கக் கிளம்புவது நடக்கிற காரியமில்லை. பயணத் திட்டங்களில் இந்த மாலையை ‘ராதாநகர் சூரிய அஸ்தமனம்’ என்று எழுதிவைக்கும் வழக்கம் இருக்கிறது. எழுதுபவர்கள் கடிகாரத்தைத்தான் பார்க்கிறார்கள், சூரியனைப் பார்ப்பதில்லை.

அடுத்தது கடல் மட்டம். இரு கரைகளுக்கும் உள்ள உண்மையான வேறுபாடு இதில்தான் வெளிப்படுகிறது. இந்தக் கடலில் நாளொன்றுக்கு இரண்டு முறை நீர் ஏறி இரண்டு முறை வற்றும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றத்துக்கும் வற்றலுக்கும் உள்ள உயர வித்தியாசம் இரண்டு மீட்டரை நெருங்கும். ராதாநகர்க் கரை மணலாகவே கடலுக்குள் இறங்குவதால், நீர் வற்றினாலும் சற்றுத் தள்ளிப்போய்க் குளிக்க முடியும். கிழக்குக் கரையில் கதை வேறு. அங்கே கரைக்கு முன்னால் பவளப்பாறையும் இறந்த பவளத் துண்டுகளும் கிடக்கும் ஆழமில்லாத திட்டு நெடுந்தூரம் நீண்டிருக்கிறது. காலையில் மரக்கிளையைத் தொடும் அளவுக்கு ஏறி நின்ற பச்சை நீர் வற்றத் தொடங்கினால், சில மணி நேரத்தில் வரிவரியான மணலும் பாசி பிடித்த கல்லும் தேங்கிய குட்டைகளும் வெளிப்பட்டுவிடும். குட்டைகளில் கடல் அட்டைகள் கறுத்துக் கிடக்கும். நண்டுகள் மணல் உருண்டைகளை உருட்டி வைத்திருக்கும். நங்கூரமிட்ட படகுகள் ஒருபக்கமாகச் சாய்ந்திருக்கும். குழந்தைகளுக்கு அது அருமையான பாடசாலை. நீந்த வந்தவருக்கு வெறும் ஏமாற்றம். கூர்மையான பவளத்தின் மேல் வெறுங்காலோடு நடப்பது ஆபத்து, பவளத்துக்கும் கேடு.

இந்த ஏற்ற இறக்கத்தை முன்கூட்டியே கணிக்கலாம். உயர்நீர் நாளுக்கு ஏறக்குறைய 50 நிமிடம் தள்ளிப்போகும். ஒரே இடத்தில் எல்லா அமாவாசை, பௌர்ணமிகளிலும் உயர்நீர் ஏறத்தாழ ஒரே கடிகார நேரத்தில் வருகிறது. அஷ்டமியை ஒட்டி அது ஏறக்குறைய ஆறு மணி நேரம் விலகி, வித்தியாசமும் குறைந்திருக்கும். வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் திதியைப் பார்த்து, அந்த மாதத்து ஓத அட்டவணையோடு ஒப்பிட்டுவிட்டுத் தேதி குறிப்பவருக்கு, கிழக்குக் கரையில் எந்த நாட்களில் காலை நேரம் நீர் நிறைந்திருக்கும் என்பது தெரிந்துவிடும். விடுதியின் படங்கள் எல்லாமே உயர்நீர் வேளையில் எடுக்கப்பட்டவை என்பதையும் மறந்துவிடக் கூடாது.

மூன்றாவது காற்று. மே முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று மேற்குக் கரையில் நேராக மோதும். அப்போது ராதாநகரில் அலை பெரிதாக எழும், இழுவையும் கூடும். கிழக்குக் கரை ஒப்பளவில் அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவக்காற்றில், குறிப்பாக ஆண்டின் கடைசி மாதங்களில், நிலைமை தலைகீழாக மாறலாம். பெரும்பாலோர் வரும் ஜனவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் இரு பக்கமும் கடல் சாதுவாக இருப்பதால் காற்றைப் பற்றிய கேள்வி எழுவதில்லை. பள்ளி விடுமுறையை நம்பி மே பின்பாதியில் கிளம்பும் தமிழ்நாட்டுக் குடும்பங்கள் மட்டும் இதைக் கணக்கில் வைத்தாக வேண்டும். மேற்குக் கரையில் அதிக வாடகை கொடுத்துக் கடலில் இறங்க முடியாமல் இருப்பது அந்த மாதங்களில்தான் நேர்கிறது.

இனி இடங்கள். கோவிந்த நகர்தான் தீவின் வாழ்விடம். கடைவீதி, மீன் கடை, மருந்துக்கடை, ஏ.டி.எம்., வாடகை ஸ்கூட்டர், வங்காளச் சாப்பாட்டுக் கடை எல்லாம் இங்கேயும் இதையொட்டியுமே இருக்கின்றன. அறைகளில் மலிவானவை முதல் நடுத்தரமானவை வரை கிடைக்கும். ஆழ்கடல் நீச்சல் கற்றுத்தரும் மையங்கள் பலவும் கிழக்குக் கரையிலேயே உள்ளன. முதல்முறை இறங்குபவர்களை வழக்கமாக அழைத்துச் செல்லும் நீமோ பவளத்திட்டு 2ஆம் எண் கரைக்கு அருகில்தான். காலை ஆறு, ஏழு மணிக்குப் படகேற வேண்டியவர் ராதாநகரில் தங்கினால், விடியுமுன் காட்டுச் சாலையைக் கடந்து வர வேண்டியிருக்கும். யானைக் கடற்கரைக்கும் இதே காரணம் பொருந்தும். அந்தக் கரையில் தங்க இடம் கிடையாது. படகுகள் படகுத்துறைப் பக்கமிருந்தே கிளம்புகின்றன. ராதாநகர்ச் சாலையிலிருந்து பிரியும் காட்டுப்பாதை வழியாக நடந்தும் போகலாம் என்றாலும், குழந்தைகளோடும் முதியவர்களோடும் வருபவர்கள் படகையே நம்புகிறார்கள். கடலைப் பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்று வருபவருக்குக் கோவிந்த நகர் ஏற்றதல்ல. வண்டிச் சத்தம் உண்டு. படகுத்துறைக்கு அருகிலுள்ள கரை குளிக்கத் தகுந்ததும் அல்ல.

விஜய நகர் இடைநிலை. படகுத்துறையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர். அந்தமான் நிர்வாகத்தின் டால்பின் விடுதியும் தென்னந்தோப்புக்குள் குடில் கட்டிய பல தனியார் விடுதிகளும் இந்தப் பட்டையில்தான் உள்ளன. வரிசையாக உணவகங்கள் இருப்பதால் இரவில் நடந்துபோய்ச் சாப்பிட்டுத் திரும்ப முடிகிறது. தீவில் வேறெங்கும் இந்த வசதி இவ்வளவாக இல்லை. இங்கே கவனிக்க வேண்டிய நுணுக்கம் ஒன்று உண்டு. சாலை கடலுக்கு இணையாக ஓடுவதால் விடுதிகள் சாலையின் இரு பக்கமும் அமைந்திருக்கின்றன. கடல் பக்கத்து மனையில் இருக்கும் விடுதியிலிருந்து நேராக மணலில் இறங்கலாம். எதிர்ப்பக்கத்தில் இருப்பதும் தன்னைக் ‘கடற்கரை விடுதி’ என்றே சொல்லிக்கொள்ளும். வரைபடத்தில் சாலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துக்கொள்வதே இதற்கு மருந்து. விடியற்காலையில் கிழக்கு வெளுப்பதை அறை வாசலிலிருந்தே பார்க்க முடிவது விஜய நகரின் தனிச்சிறப்பு. சீக்கிரம் உதிக்கும் சூரியன் இங்கே தங்குபவருக்குச் சாதகமாக அமைகிறது. மாலை நேரங்களில், அதுவும் நீர் வற்றிய ஈரமணலில், மணல் ஈக்கடி இருக்கும். அரிப்பு சில நாள் நீடிக்கும். தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு போவது தீவில் பரவலான வழக்கம்.

காலாபத்தர் பக்கம் போகப்போக விடுதிகள் குறைகின்றன, அமைதி கூடுகிறது. கரிய பாறைகள் சிதறிக் கிடக்கும் இந்தக் கரையைப் பலர் காலை வேளையில் வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சொந்தமாக ஸ்கூட்டர் ஓட்டுபவர்களும் விடுதியிலேயே சாப்பிடத் தயாராக இருப்பவர்களும் தவிர மற்றவர்களுக்கு இது எட்டாத தொலைவு.

ராதாநகரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 2004இல் ‘டைம்’ இதழ் ஆசியாவின் சிறந்த கடற்கரை என்று இதைத் தேர்ந்தெடுத்தது. 2020இல் நீலக்கொடிச் சான்றிதழும் கிடைத்தது. ஏறக்குறைய 2 கிலோமீட்டர் நீளும் வெண்மணல், அதன் விளிம்பிலேயே தொடங்கும் பெருமரக்காடு, மேற்கே பரந்து திறந்த கடல் எல்லாம் சேர்ந்த இடம் இந்தியாவில் அரிது. இந்தப் புகழ் பகலில் ஒரு பெருங்கூட்டத்தைக் கொண்டுவருகிறது. பிற்பகல் மூன்று மணிக்கு மேல் வேன்களும் ஆட்டோக்களும் ஸ்கூட்டர்களும் வாசலில் நிறையும். அஸ்தமனம் ஆனதும் உயிர்காப்புப் பணியாளர்கள் விசில் ஊதி எல்லோரையும் நீரிலிருந்து வெளியேற்றுவார்கள். அரைமணி நேரத்தில் அத்தனை வண்டிகளும் ஒரே ஒற்றைச் சாலையில், தெருவிளக்கில்லாத காட்டு வளைவுகளில், கிழக்கு நோக்கித் திரும்பும். ஸ்கூட்டர் ஓட்டிப் பழகாதவர்கள் விழுந்து அடிபடுவது இந்த நேரத்தில் எளிதாக நடந்துவிடும். அவசரச் சிகிச்சைக்குத் தீவில் இருப்பது சிறிய அரசு மருத்துவமனை. பெரிய சிகிச்சை என்றால் கடல் கடந்து ஸ்ரீ விஜயபுரத்தின் ஜி.பி. பந்த் மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

ராதாநகரில் தங்குபவர் இந்த நெருக்கடிக்கு வெளியே இருக்கிறார். அவருக்குக் கிடைப்பது காலை ஆறு மணிக் கடற்கரை: கூட்டமே இல்லாத, காட்டு நிழல் மணல்மேல் விழுந்து கிடக்கும் இரண்டு மூன்று மணி நேரம். மாலையில் திரும்பும் கவலையும் இல்லை. அதற்கு விலை உண்டு. தங்குமிடங்கள் எண்ணிக்கையில் குறைவு. காட்டுக்குள் குடில் அமைத்த பேர்ஃபுட் விடுதியும் 2018இல் திறக்கப்பட்ட தாஜ் எக்ஸோடிகாவும் இங்கே பெயர் பெற்றவை. பேர்ஃபுட்டில் வாழ்ந்து 2016இல் இறந்த ராஜன் என்னும் யானை, மரம் இழுக்கும் வேலைக்காகத் தீவுக்குக் கொண்டுவரப்பட்டுக் கடலில் நீந்தியதால் உலகப் புகழ் அடைந்தது. நடுத்தரக் குடும்பத்தின் செலவுக்கு அடங்கும் அறைகள் இந்தக் கரையில் சொற்பமே. இரவுச் சாப்பாட்டுக்கு விடுதியை விட்டால் போக்கிடம் அதிகமில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 2010 ஏப்ரலில் ராதாநகரையொட்டிய நீல்ஸ் கோவ் என்னும் ஒதுக்குப்புற நீர்ப்பகுதியில் வெளிநாட்டுப் பெண் ஒருவர் உவர்நீர் முதலைக்குப் பலியானார். அதன்பின் எச்சரிக்கைப் பலகைகள் வந்தன, குளிக்கும் எல்லை வரையறுக்கப்பட்டது. அருகிலேயே தங்குகிறோம் என்பதால் காவலர் இல்லாத நேரத்தில், எல்லைக்கு வெளியே நீரில் இறங்கும் துணிவு இங்கே வரவே கூடாது. ஓடை கடலில் கலக்கும் இடங்களும் சதுப்புநிலக் கால்வாய்களும் முதலையின் வழித்தடங்கள். விடிகாலைக் கடற்கரை நடப்பதற்கு. குளிப்பது காவலர் வந்த பிறகு.

கிருஷ்ணா நகர், சியாம் நகர் போன்ற உட்பகுதிகளில் கடல் இல்லை. பாக்குத் தோப்பும் வாழையும் குளமும் கொண்ட வீடுகளில் சில அறைகளை ஒதுக்கி விருந்தினரை ஏற்கும் குடும்பங்கள் இருக்கின்றன. வாடகை குறைவு, சாப்பாடு வீட்டுச் சமையல். ஸ்கூட்டர் வைத்திருப்பவருக்கு இரு கரைகளும் ஏறக்குறைய சம தொலைவில் கிடைக்கும். கடல் தெரியும் ஜன்னலுக்காகக் கொடுக்கும் கூடுதல் பணத்தை நினைத்துப் பார்த்தால், பகல் முழுவதும் வெளியே திரியும் இளைஞர்களுக்கு இதுவே அறிவான தேர்வு. குடியேறிய குடும்பங்களின் கையிலேயே வருமானம் நேராகச் சேர்வதும் இதில் உள்ள நியாயம். தீவில் நன்னீர் மழையையும் கிணற்றையும் நம்பியது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுற்றுலா உச்சத்தில் இருக்கும் அதே மாதங்களில், நீர் சுருங்கும். மின்சாரத்தின் பெரும்பகுதி கப்பலில் வரும் டீசலிலிருந்து கிடைக்கிறது. நீச்சல் குளமும் நாள் முழுக்க ஓடும் ஏ.சி.யும் கொண்ட அறையைக் கடலுக்குப் பக்கத்தில் எடுப்பவர் அந்தக் கிணற்றிலும் அந்த டீசலிலும் பங்கு கேட்கிறார் என்பது மறைக்கத் தேவையில்லாத உண்மை.

இணைய வசதியும் சிலரின் கணக்கில் இருக்கும். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலடியில் போடப்பட்ட சுமார் 2,300 கிலோமீட்டர் கண்ணாடி இழைக் கம்பி 2020 ஆகஸ்ட் 10 அன்று செயல்பாட்டுக்கு வந்தது. அது தொடும் தீவுகளில் ஹேவ்லாக்கும் ஒன்று. அதன் பிறகு கோவிந்த நகர், விஜய நகர்ப் பக்கம் இணைப்பு வெகுவாக மேம்பட்டது. காடு சூழ்ந்த மூலைகளில் இன்னும் சிக்னல் மங்கும். மொழி பெரிய தடையல்ல. தீவின் வீட்டுமொழி வங்காளம், பொதுமொழி இந்தி. 2011 கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபார் முழுவதிலும் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள் 15 விழுக்காட்டை ஒட்டி இருந்ததால், கடைவீதியில் தமிழ் காதில் விழுவதும் வியப்பில்லை.

எத்தனை இரவு என்பதைப் பொறுத்தே இறுதி முடிவு அமையும். பெரும்பாலான தமிழ்நாட்டுக் குழுக்களைப் போல இரண்டு இரவு தங்குபவருக்குக் கிழக்குக் கரையே சரி: விஜய நகரில், கடல் பக்கத்து மனையில். முதல் நாள் மாலை அக்கம்பக்கத்திலேயே கழியட்டும். இரண்டாம் நாள் காலை யானைக் கடற்கரை அல்லது ஆழ்கடல் நீச்சல். பிற்பகல் இரண்டு மணிக்கே கிளம்பி ராதாநகரில் மூன்று மணி நேரம் இருந்துவிட்டு, கூட்டம் கலையும் வரை பொறுத்திருந்து, ஓட்டுநர் உள்ள வண்டியில் திரும்பலாம். மூன்று இரவுக்கு மேல் தங்கும் தம்பதியர்க்கும், கடலில் குளிப்பதையே நோக்கமாகக் கொண்டு குழந்தைகளோடு வருபவர்க்கும், ஜனவரி முதல் ஏப்ரல் வரை ராதாநகர் பொருத்தம். செலவைத் தாங்க முடிந்தால். ஒரு இரவு கிழக்கில், ஒரு இரவு மேற்கில் என்று பிரிப்பது காகிதத்தில் அழகாகத் தெரியும். நடைமுறையில் அறையைக் காலி செய்யும் நேரத்துக்கும் அடுத்த அறை கிடைக்கும் நேரத்துக்கும் நடுவே, பகலின் நல்ல பாதி பெட்டிகளோடு போய்விடும். ஐந்து மணிக்கு இருட்டும் தீவில் அந்த இழப்பு சிறிதல்ல. நான்கு இரவு இருந்தால் மட்டுமே இரண்டாகப் பிரிப்பதில் பயன் உண்டு. அப்போதும் மேற்கை முதலிலும் கிழக்கைப் பின்னரும் வைப்பது முறை. திரும்பும் காலைக் கப்பலுக்குக் கிழக்கிலிருந்து கிளம்புவது எளிது.

முதியவர்கள் வரும் குழுவில் கேட்டுத் தெளிய வேண்டியவை வேறு. அறை தரைத்தளத்தில் இருக்கிறதா, குடிலுக்கும் உணவுக்கூடத்துக்கும் இடையே மணலில் எவ்வளவு நடக்க வேண்டும், வாசல் வரை வண்டி வருமா? அவர்களுக்குக் கோவிந்த நகரில் சாலையோரத்து அறை, கடலோரக் குடிலைவிடப் பல மடங்கு உகந்தது.

கடைசி இரவு ஹேவ்லாக்கில் அமையக் கூடாது என்பது தங்குமிடக் கணக்கின் ஒரு பகுதியே. காலைக் கப்பலில் புறப்பட்டு அன்றே விமானம் ஏறும் திட்டம், கடல் ஒத்துழைத்தால் நிறைவேறும். 2016 டிசம்பரில் வர்தா புயல் உருவாகிக்கொண்டிருந்தபோது கப்பல் போக்குவரத்து நின்று, ஹேவ்லாக்கிலும் நீல் தீவிலுமாக ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். கடற்படையும் கடலோரக் காவல்படையும் வந்துதான் அவர்களை மீட்டன. அவ்வளவு பெரிய புயல் வேண்டாம். பலத்த காற்று ஒரு நாள் வீசினாலே கப்பல் நேரம் தடுமாறும். ஆழ்கடலில் பலமுறை மூழ்கியவர்கள் விமானம் ஏறுவதற்கு முன் குறைந்தது 18 மணி நேர இடைவெளி விட வேண்டும் என்ற மருத்துவ விதியும் இதே திசையில்தான் கை காட்டுகிறது. ஆகவே கடைசி இரவு ஸ்ரீ விஜயபுரத்தில். அங்கே தங்குவதற்கு அபர்தீன் பஜார்ப் பக்கம் வசதி: செல்லுலார் சிறையின் மாலை ஒலி ஒளிக் காட்சிக்கு நடந்தே போகலாம், இட்லி தோசைக் கடைகள் அருகில், விமான நிலையம் சில கிலோமீட்டர் தொலைவில். மறுநாள் அதிகாலையில் ஹேவ்லாக் கப்பலைப் பிடிக்க வேண்டிய முதல் இரவுக்கு மட்டும் படகுத்துறைகளுக்கு அருகிலுள்ள ஹாடோ, பீனிக்ஸ் பே பகுதிகள் மேல். அரசுக் கப்பல்கள் பீனிக்ஸ் பேயிலிருந்தும் தனியார் கப்பல்கள் பெரும்பாலும் ஹாடோவிலிருந்தும் புறப்படுவதால், டிக்கெட்டில் துறையின் பெயரைப் பார்த்துவிட்டு அறை எடுப்பது நல்லது.